ஒலி புகாத அறை

“திரை எதுக்கும்மா? எப்பவும் போல அவரே பண்ணட்டுமே” என்றாள் டாக்டரின் மனைவி.

ஒலி புகாத அந்தச் சின்ன அறைக்குள் அவள் ஹெட்ஃபோனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“ஆராய்ச்சியைக் கண்காணிக்கிற குழுவோட உத்தரவும்மா. மருந்து கண்டுபிடிச்சவரே சோதிக்கக் கூடாதாம். கண்ணாடிக்குத் திரையும் போட்டாகணுமாம்” என்ற டெக்னீஷியன் பெண், கதவைச் சாத்திவிட்டு வந்து திரையை இழுத்தாள். “சார், நீங்க கொஞ்சம் வெளியில...”

“போறேன், போறேன். என் ரூம், என் மெஷின், என் பெண்டாட்டி. நானே வெளியில நிக்கணும். எல்லாம் தலையெழுத்து.”

காது மூக்கு தொண்டை டாக்டர் தாழ்வாரத்துப் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். காலையிலிருந்து ஊரார் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த அலுப்பு. அதற்கு மேல் இது வேறு.

கூடப் படித்தவர்களெல்லாம் சொந்தமாக ஆஸ்பத்திரி கட்டி, பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்துவிட்டார்கள். இவர் மட்டும், வயதானால் காது மந்தமாவதைத் தடுக்கும் மாத்திரை ஒன்றைக் கட்டிக்கொண்டு மாரடித்தார். பாதி ஆயுள் அதிலேயே போயிற்று.

எலிகளுக்குப் பலித்த மாத்திரை மனிதர்களிடம் காலை வாரியது. சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் ஒன்றுபோலவே காது மங்கியது, ஒரே ஓர் ஆளைத் தவிர. “முதல்ல எனக்குக் குடுங்க” என்று ஆரம்பத்திலேயே கை நீட்டிய மனைவி. மாதா மாதம் அவளை இந்த அறையில் உட்காரவைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஹெட்ஃபோனில் சத்தம் அனுப்பி, கேட்டதும் பட்டனை அழுத்தச் சொல்லி, அவரே சோதித்து வரைபடம் எடுத்தார். தலை நரைத்தும் அவளுக்குக் குமரிப் பெண்ணின் காது. அந்த ஒரு வரைபடத்தை நம்பித்தான் ஒவ்வொரு முறை விழுந்தபோதும் அவர் எழுந்து உட்கார்ந்தார். இன்றும் அது சரியாக வந்தால் ஆராய்ச்சி தொடரும். இல்லாவிட்டால் நாளைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பயம் மருந்தைப் பற்றியல்ல, மனைவியின் கோபத்தைப் பற்றித்தான்.

கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. சமையலறை வாசலில் நின்று ஏதாவது கேட்டால் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் மகளோடு மட்டும் வீடியோவில் மணிக்கணக்காகச் சிரிப்பு. கோபப்பட அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு என்பது டாக்டருக்கே தெரியும். அந்த மகள் பிறந்த அன்றுகூட அவர் எலிக் கூண்டுகளுக்கு நடுவில்தான் இருந்தார். அதனால் போகப்போக அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

இன்று காரில் வரும்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “இன்னைக்கு ஒருநாள் மட்டும் மனசு வெச்சுடு” என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள்.

கதவு திறந்தது. டெக்னீஷியன் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

“சார்... மெஷின்ல கோளாறோன்னு என் காதுலயே மாட்டிப் பாத்தேன். மெஷின் நல்லாத்தான் இருக்கு.”

அவர் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். கோடு சரிந்து அடிமட்டத்துக்குப் போயிருந்தது.

“ரொம்பப் பெரிய சத்தத்துக்குத்தான் சார் பட்டனை அழுத்தறாங்க.”

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று உள்ளே போனார். மனைவி ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“பழி வாங்கிட்டே இல்ல? என் மேல இருக்கிற ஆத்திரத்தை இன்னைக்குத்தானா காட்டணும்? பாதி ஆயுசைக் கொட்டியிருக்கேன்டி இதுல. செஞ்சதெல்லாம் தப்புதான், ஒத்துக்கறேன். வாயைத் திறந்து திட்டவாவது செய்யேன்!”

தோளில் ஒரு கை விழுந்து, அவரை மெல்லத் திருப்பியது.

“என்னைப் பாத்துச் சொல்லுங்க. உங்க வாய் தெரியலைன்னா, நீங்க பேசறது எனக்கு எப்படித் தெரியும்?”

டாக்டர் கையிலிருந்த காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“காது கேக்காமப் போய்ப் பல வருஷம் ஆச்சுங்க. சத்தம் வைக்கறப்பல்லாம் உங்க புருவம் லேசா மேலே ஏறும். கண்ணாடி வழியா அதைப் பாத்துத்தான் பட்டனை அழுத்திக்கிட்டிருந்தேன்.”

“ஏன்... ஏன்டி என்கிட்ட சொல்லலை?”

“சொன்னா டெஸ்ட்டை நிறுத்திடுவீங்களே. மாசத்துல அந்த ஒருநாள்தானே நீங்க என் முகத்தைப் பாத்தீங்க?”