நூறு கிராம் காட்டுற மிஷின்

"மாமா, வெறும் வயித்துலயே ஏறிடுங்க. காபி அப்புறம்."

கண்ணாடி எடை மிஷினை ஜன்னலோரம் வைத்துவிட்டு மருமகள் ரஞ்சனி குனிந்து நின்றாள். துரைக்கண்ணுவுக்கு உள்ளங்கால் வேர்த்தது.

செஞ்சி பஜாரில் அவர் கண் முன்னால்தான் அதை வாங்கினாள். கடைக்காரர் முதலில் முள் வைத்ததைக் காட்டினார்.

"இது வேணாங்க. நூறு கிராம் ஏறினாலும் தெரியணும்" என்றாள்.

அன்றைக்குப் பிடித்த பயம். பிடிக்காதா பின்னே? குழம்பில் உப்பே கிடையாது. தண்ணீரைக்கூட பாட்டிலில் அளந்து வைக்கிறாள். மகன் தனசேகரனைக் கேட்டால், "அவ சொல்றபடி கேளு நைனா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

பக்கத்து வீட்டுத் தைலம்மாளிடம் சொல்லி அழுதேவிட்டார்.

"தண்ணியக் கூடவா அளக்குறா? இன்னா பொண்ணுண்ணே அது. எடை கூடிச்சுன்னா சோத்தைக் கொறைக்கத்தான் இந்த மிஷினு."

அன்று மத்தியானமே மதில் மேல் ஒரு கிண்ணம் வந்தது. கருவாட்டுக் குழம்பு. ரஞ்சனி வேலைக்குப் போனதும் தினமும் வந்தது.

"நீ நல்லா இருக்கணும்மா" என்று கண் கலங்கச் சாப்பிட்டார்.

ஆனால் சாப்பிட்டதை மிஷின் காட்டிக்கொடுத்துவிட்டால்? உள்ள சோறும் போச்சு. ஒரு வழி கண்டுபிடித்தார். ஏறும்போது முதுகுக்குப் பின்னால் ஜன்னல் கம்பியைப் பிடித்து, உடம்பை லேசாகத் தூக்கிக்கொண்டார். ரஞ்சனியின் கண்தான் மிஷினை விட்டு நகராதே.

"அறுபத்திரண்டு. அப்படியே இருக்குது மாமா" என்று பெருமூச்சு விட்டாள்.

என் வயிறு காய்ந்தால் இவளுக்கு எவ்வளவு நிம்மதி பார், என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் விடியும்போது அவரால் படுக்கவே முடியவில்லை. மூச்சு இரைத்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஆம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரஞ்சனியைத்தான் பிடித்துக்கொண்டார்.

"போன மாசமே சொன்னேனா இல்லையா? இதயம் பலவீனமா இருக்கு, உப்பு ஆகாது, தண்ணி அளவோட குடுங்க. உடம்புல நீர் கோத்தா எடைதான் முதல்ல காட்டும், ரெண்டு கிலோ ஏறினா உடனே கூட்டிட்டு வாங்கன்னு. நாலு கிலோ ஏறுற வரைக்கும் என்னம்மா பண்ணின?"

"தினமும் பார்த்தேன் சார். ஏறவே இல்ல." என்றாள் ரஞ்சனி.

கட்டிலில் கிடந்த துரைக்கண்ணு கண்ணைத் திறந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?"

"சொன்னா பயந்துடுவீங்கன்னுதான் மாமா, சொல்லல."

வீட்டுக்கு வந்த அன்றும் மதில் மேல் கிண்ணம் வந்தது. துரைக்கண்ணு அதைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ரஞ்சனி கூப்பிடுவதற்கு முன்பே எழுந்துவிட்டார். ஜன்னலோரம் கிடந்த மிஷினை நடு ஹாலுக்கு அவரே காலால் தள்ளினார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஏறி நின்றார்.

"இப்ப பாரும்மா. இதான் என் நெசமான எடை."