நாடி பார்க்கும் எல்லை

மூனிச்சில் இருந்து வெரோனா போகும் மலிவுப் பஸ்ஸின் நான்காம் வரிசையில், யன்னலோரம் இன்பமலர் அண்ணி இருந்தார். அவர் மடியில் அண்ணாவுக்கென்று சுட்ட பருத்தித்துறை வடை. பக்கத்தில் நான். எங்களுக்குப் பின்னால் ருமேனியத் தொழிலாளி மிஹாய்.

வெரோனாவில் முழங்கால் சத்திரசிகிச்சை செய்துகொண்ட அண்ணாவைப் பார்க்கப் போகிறோம் என்றே அண்ணி நினைத்திருந்தார். அண்ணா காலையில் இறந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தொலைபேசியை எடுத்த நான் அண்ணியிடம் சொல்லவில்லை. எல்லைகளில் ஒரு கருவி பஸ் பயணிகளின் நாடியைப் படிக்கும். அது எகிறினால், ஏனென்று கேட்காமலே இறக்கிவிடுவார்கள். விமானத்தில் போகிறவர்களுக்கு இந்தச் சோதனை இல்லை. வழியில் வரும் இரண்டு எல்லைகளையும் கடந்தால்தான் அண்ணி கடைசியாக அவர் முகத்தைப் பார்க்கலாம்.

முதல் எல்லை வந்தது. நான் மனதுக்குள் பதினாறாம் வாய்பாட்டைச் சொல்லத் தொடங்கினேன்.

"என்ன தம்பி, இப்பிடி வேர்க்குது? களவெடுத்த ஆள் மாதிரி முழிக்கிறீர்!" என்று அண்ணி சிரித்தார்.

அவர் தலைக்கு மேல் பச்சை விளக்கு எரிந்தது. என் தலைக்கு மேல் சிவப்பு.

என்னை இறக்கினார்கள். அண்ணி யன்னலால் எட்டி, "இனி அவருக்கு நான் என்ன சொல்லுறது?" என்று கத்தினார்.

"அடுத்த பஸ்ஸில வாறன் எண்டு சொல்லுங்கோ, அண்ணி."

இப்படி நடக்கலாம் என்று காலையிலேயே அண்ணிக்கு எழுதிவைத்த கடிதம் என் பையில் இருந்தது. 'இனி அழலாம், அண்ணி. இனி ஒருத்தரும் நாடி பார்க்க மாட்டினம்' என்று அதன் அடியில் சேர்த்து, உறையை ஒட்டினேன். இரண்டாம் எல்லை தாண்டியபின் அண்ணியிடம் கொடுக்கும்படி, பின் யன்னலால் மிஹாயிடம் நீட்டினேன். உள்ளே என்னவென்று அவருக்கும் சொல்லவில்லை. அவரும் அந்த எல்லையைக் கடக்க வேண்டும்.