மாடியில் தெரிந்த கார்த்திகை

எதிர்வீட்டு வேதவல்லியின் மகள் இழையினியைப் பெண் பார்க்க வந்த கதிர்வாணன், பஜ்ஜியைத் தொடாமல், தான் கொண்டுவந்த டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினான். பெண்ணின் ஜென்ம நட்சத்திரமான கார்த்திகையைக் காட்டப் போகிறானாம். வடாம் எடுக்கிற சாக்கில் நானும் போனேன்.

"கண்வில்லையக் கழட்டிட்டுப் பாருங்க. இல்லேன்னா அது தானா ஒரு வானத்தைப் போட்டுக் காட்டிடும்," என்றான்.

எல்லோரையும் அழகாகக் காட்டுகிற வில்லை அது. தூக்கத்தில்கூட அதைக் கழற்றாத தெரு எங்களுடையது.

"போச்சுடி, இந்தச் சம்பந்தமும் போச்சு," என்று பின்னாலேயே ஏறி வந்த வேதவல்லி என் கையைப் பிடித்தாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் வில்லையைக் கழற்றினார்கள். இழையினி குனிந்து பார்த்தாள்.

"அய்யோ, கோலமாவக் கொட்டின மாதிரி எவ்வளவு நட்சத்திரம்!"

அதே சந்தோஷத்தோடு நிமிர்ந்தவள் அவனைப் பார்த்தாள்.

"என்னங்க, தலையில முடியக் காணோம்?"

"உங்க முன்பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதே, நான் ஏதாவது கேட்டேனா?"

அந்தப் பல் முழுக்கத் தெரிய அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அங்கேயே தேதி குறித்தாயிற்று.

பத்திரிகையில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: 'மண்டபத்துக்குள் கண்வில்லை அணிய வேண்டாம்.' அன்றிலிருந்து பல் டாக்டர் வாசலில் எங்கள் தெருவே நிற்கிறது. நான் தலைச்சாயம் மட்டும் வாங்கி வந்தேன்.

"உனக்கெதுக்குடி சாயம்?" என்கிறார் என் வீட்டுக்காரர். பாவம், அவர் இன்னும் வில்லையைக் கழற்றவில்லை.