ஒரே ஒரு பிளக் பாயிண்ட்

"இன்னொரு டீ போடு, மின்ச்சோ" என்றார் இன்ஸ்பெக்டர் பென்செவ். காலையிலிருந்து அது ஐந்தாவது. எதிரே கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தவருக்கு முதல் கோப்பையே இன்னும் முடியவில்லை.

"எனக்குப் போதுங்க ஐயா" என்றார் அவர், பிசிறில்லாத பல்கேரிய மொழியில். மழித்த தாடையில் புதிய சவர வெட்டு ஒன்று சிவந்திருந்தது.

"அட, குடிங்க மொழிபெயர்ப்பு ஐயா. மலை மூலிகை. நெஞ்சுக்கு நல்லது."

காவலர் மின்ச்சோ கெட்டிலில் தண்ணீர் பிடித்தான். நாடு கடத்தப்பட இருப்பவர்களை அடைத்துவைக்கும் அந்த மையத்தின் அலுவலகத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். கெட்டிலைச் செருகினால் ஃபேக்ஸ் இயந்திரத்தைப் பிடுங்க வேண்டும். தொலைபேசியும் அந்த இயந்திரத்தோடு ஒட்டியதுதான்.

டீயின் சூட்சுமம் அங்கேதான் இருந்தது. ஒருவனை அவன் நாட்டுக்குத் திருப்பி அனுப்பினால் சித்திரவதை செய்வார்கள் என்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள மனித உரிமை நீதிமன்றத்தில் மனுப் போட்டால், அங்கே ஒரு நீதிபதி அன்றைக்கே 'அனுப்பாதே' என்று கையெழுத்திட முடியும். அப்புறம் அரசாங்கம் அவனை விமானத்தில் ஏற்றக் கூடாது.

ஆனால் அந்த உத்தரவு முதலில் தலைநகர் சோஃபியாவுக்கு வர வேண்டும். அமைச்சகத்தில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்து, இந்த அறைக்கு ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும். நீதிமன்றத்துக்கு நாடே கட்டுப்பட்டதுதான். பிளக் பாயிண்ட் மட்டும் பென்செவுக்குக் கட்டுப்பட்டது.

"விமானம் எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணே முக்காலுக்கு சார்."

"அதுவரைக்கும் எனக்குத் தாகம் அடங்காது."

கோட்டுக்காரர் மெல்ல எழுந்தார். "ஐயா, நான் ஒண்ணு சொல்லணும். காலையில நீங்க டியூட்டிக்கு வந்ததுமே எங்க ரெண்டு பேரையும்..."

"உட்காருங்க" என்று கை காட்டினார் பென்செவ். "கைதி பேசினா அதை எனக்குச் சொல்றதுதான் உங்க வேலை. சொந்தமா ஒரு வார்த்தை பேசக் கூடாது. விதியில இருக்கு. இப்போ அவனே இங்க இல்ல, அப்புறம் என்ன பேச்சு?"

பென்செவ் ஏற்றி அனுப்பிய ஆள் வேனில் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். பென்செவ் கோப்பின் பக்கங்களைப் புரட்டினார். "ஃபர்ருக்ஷோ ஜமோலோவ். அவன் நாட்டு மந்திரியோட மைத்துனன் செஞ்ச ஊழலப் பத்தி எழுதியிருக்கான். எழுதுறதுக்கு வேற விஷயமா இல்ல? இவன் தம்பியைத் திருப்பி அனுப்பினாங்களாம், ஆறே நாள்ல பிணமாக் கொடுத்தாங்களாம்."

கோட்டுக்காரரின் கோப்பை தட்டில் கிணுகிணுவென்று ஆடியது.

"இளகின மனசு உங்களுக்கு" என்றார் பென்செவ். "இந்த வேலைக்கு அது ஆகாது."

அவருடைய கைபேசி ஒலித்தது. வேனில் போன காவலன். பின்னணியில் யாரோ தொண்டை கிழியக் கத்துவது அறை முழுக்கக் கேட்டது.

"சார், நான் அவன் இல்லைன்னு ரகளை பண்றான். அதுவும் நம்ம பாஷையிலேயே."

"பிடிபட்டவன் எவன்டா ஆமா நான்தான்னு சொல்லியிருக்கான்? உன் கையில இருக்கிற போட்டோ நகல்ல தாடி இருக்கா?"

"இருக்கு சார்."

"அவனுக்கு?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன? ஏத்து."

கோட்டுக்காரர் மறுபடி எழுந்தார். "ஐயா, அவர் சொல்றது..."

"கேட்டது. நம்ம பாஷையில கத்தினதுக்கு எதுக்கு மொழிபெயர்ப்பு? மின்ச்சோ, ஐயாவுக்கு ஒரு துண்டு பனித்சா வை. பாலாடைக்கட்டி ஜாஸ்தியா இருக்கிற ஓரமாப் பார்த்து."

பதினொன்று ஐம்பதுக்குக் கைபேசி மறுபடி ஒலித்தது. விமானம் கிளம்பிவிட்டது. பென்செவ் நிம்மதியாக ஏப்பம் விட்டு, கெட்டிலைத் தன் கையாலேயே பிடுங்கினார். ஃபேக்ஸைச் செருகியதும் அது காத்துக்கொண்டிருந்ததுபோல் கிரீச்சிட்டுத் தாளைத் துப்பியது.

"அனுப்ப வேண்டாம்னு உத்தரவு" என்று படித்தார். "அச்சச்சோ! எங்க கைக்கு வந்த நேரம் பதினொண்ணு ஐம்பத்திரண்டு. மின்ச்சோ, பதில் எழுது. 'தங்கள் உத்தரவைத் தலைவணங்கி ஏற்கிறோம். ஆனால் ஜமோலோவ் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்.' ஆழ்ந்தங்கிறதை விட்டுடாதே."

மின்ச்சோ எழுதி முடித்தான். பென்செவ் முத்திரை குத்தி, தாளைக் கோட்டுக்காரர் பக்கம் திருப்பினார். "சாட்சியா ஒரு கையெழுத்து போடுங்க. சட்டப்படி எல்லாம் சுத்தமா இருக்கணும் பாருங்க."

"போட்டே ஆகணுமா ஐயா?"

"கட்டாயம்."

அவர் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பெயரைத் தெளிவாக எழுதினார். பென்செவ் அதைப் படித்தார். பிறகு ஃபேக்ஸ் தாளைப் படித்தார். கோப்பில் இருந்த தாடிக்காரப் புகைப்படத்தை எடுத்து, அதன் கீழ்ப்பாதியைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தார்.

"அவன் பேரை எதுக்குய்யா எழுதினீங்க? உங்க பேரைப் போடுங்க!"

"என் பேரைத்தாங்க போட்டேன். மொழிபெயர்ப்பாளரைத்தான் நீங்க ஏத்தி அனுப்பிட்டீங்களே, அவர் உங்க நாட்டுக் குடிமகன்."