செல்லக்கனியின் காது

எந்த இயந்திரம் பழுதாகப்போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள் செல்லக்கனி. பத்தொன்பது வருடங்களாக அவள் ஓடிப்போய்ச் சொல்லித்தான் அவள் வேலை பார்க்கும் நூற்பாலை தப்பித்து வந்தது. சூப்பர்வைசர் பதவி காலியானபோது மேனேஜர் ஆவுடையப்பன் அதைத் தன் மச்சினனுக்குக் கொடுத்தார். அவன் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று எல்லோருக்கும் லட்டும் கொடுத்தார்.

மறுவாரம் நான்காம் இயந்திரம் முனகத் தொடங்கியது. மச்சினன் அதன் அருகிலேயே நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். மதியம் அது புகைந்து நின்றது. ஆவுடையப்பன் ஓடிவந்தார்.

"உனக்குக் கேக்கலையா கனி?"

"காலையிலயே கேட்டுச்சு சார்."

"பின்ன ஏன் சொல்லல?"

"சூப்பர்வைசர் பக்கத்துலதான நின்னாரு."

சாப்பாட்டு மணி அடித்தது. அவர் எதிரிலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தவள், முருங்கைக்காயை நிதானமாகச் சப்பத் தொடங்கினாள்.