கூடையில் மாறிய கை

அக்கா விடுதியில் இருக்கிறாள். நள்ளிரவில் போர்வைக்குள்ளிருந்து அவளிடம் போனில் கிசுகிசுத்தேன்.

"அம்மா என்னை அடிச்சிட்டாங்கக்கா."

"அம்மாவா? சும்மா சொல்லாதடி."

"அம்மா இல்லக்கா, கை. ஷிப்ட் முடிஞ்சதும் சொந்தக் கைக்குப் பதிலா கம்பெனி மாட்டிவிட்ட மிஷின் கையெல்லாம் கழட்டி, ஒரே கூடையில போட்டு, பார்ட்ஸ் கழுவுற மிஷின்ல எண்ணெய் போகக் கழுவி மறுபடி மாட்டிவிடுவாங்கல்ல? அம்மா கையில கட்டியிருந்த நம்பர் டோக்கன் கழண்டு, வேற யாரோட கையோ வந்திருச்சு. அது அவங்க வீட்டுல பழகினதத்தான் இங்கயும் செய்யுது. எனக்குத் தலை பின்னும்போது சடையப் பிடிச்சு இழுத்து அறைஞ்சுது. அம்மா 'விடு, விடு'ன்னு அழுதாங்க."

"மாத்தித் தரச் சொல்லலாம்ல?"

"கேட்டாங்களாம். சைஸ் சரியா இருக்குல்ல, போட்டுக்கோன்னுட்டாங்க."



"அப்ப அம்மாவோட கை?"

"யாரு வீட்டுலயோ இருக்கு. அங்க ஒரு பொண்ணு இன்னைக்குத்தான் அடி வாங்காம தூங்கும்."