மீன் ஓடிவிடும்

"பேசாத, கோமு. பனையேறிக் கெண்டைக்குப் பாம்புச் செவி. ஓடிடும்."

"அப்புறம் என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? குடை பிடிக்கவா?"

"பக்கத்துல உக்காரத்தான்."

கல்யாணமான புதிதில் இதே ஏரிக்கரையில் திருஞானம் சொன்னது கோமளாவுக்கு இன்னும் நினைவிருந்தது. மகள் பிறந்த பிறகு அந்தச் சட்டம் எடுபடவில்லை. பிடித்துப் போட்ட மீன் செவுளை ஊன்றிக் கரையில் ஊர்ந்தால் போதும், அவள் கைகொட்டிச் சிரிப்பாள். தண்ணீரில் இருக்கும் மீனெல்லாம் ஓடிவிடும். போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு திருஞானத்தின் வாயில் மகள் பெயர் வந்ததே இல்லை. மாலையானால் தூண்டிலோடு வந்து உட்கார்ந்துவிடுவார். கோமளாவும் கூடவே வருவாள். மீன் ஓடிவிடுமே என்று அவளும் வாய் திறப்பதில்லை.

இன்றும் தக்கை அசையவில்லை. இடம் மாற்றிப் போடுவதற்காக அவர் தூண்டிலைத் தூக்கியபோது கோமளா முள்ளைப் பார்த்தாள். அதில் புழு இல்லை. புழு எடுத்துவரும் கொட்டாங்கச்சியைப் பார்த்தாள். பாளம் பாளமாக வெடித்த பழைய மண்தான் இருந்தது.

அவர் வெறும் முள்ளை மறுபடி தண்ணீரில் விட்டார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒரே ஒரு தடவை நம்ம பொண்ணு பேரைச் சொல்லுங்களேன்."